குற்றவாளி மேற்கோள் குறி அல்ல

கொஞ்சம் நீளமான பதிவு. நிரல் எழுதும் தம்பி தங்கைகளும், பிள்ளைகளைக் காசு கட்டி 'கோடிங்' வகுப்புக்கு அனுப்பும் பெற்றோரும், பள்ளியில் கணினிப் பாடம் நடத்தும் ஆசிரியர்களும் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

இணைய விண்ணப்பம் நிரப்பிய எல்லோரும் இந்த வரியைப் பார்த்திருப்பீர்கள். சிவப்பு எழுத்தில் வரும்: "சிறப்பு எழுத்துகளுக்கு அனுமதி இல்லை." பெயரில் புள்ளி வைக்காதே, முகவரியில் சாய்கோடு போடாதே, மேற்கோள் குறி கூடவே கூடாது என்று அர்த்தம். ஏன் என்று கேட்டால், "பாதுகாப்பு சார்" என்று பதில் வரும்.

பாதுகாப்பு இல்லை, மண்ணாங்கட்டி! வேலை தெரியாததை மறைக்க மாட்டிய பலகை அது. தன் நிரலுக்குள் ஒரு மேற்கோள் குறியைப் பத்திரமாகக் கொண்டுபோகத் தெரியாதவர், உன் பெயரை மாற்றிக்கொண்டு வா என்று உங்களிடம் சொல்கிறார்.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம்? நம் ஊரில் பாதி வீடுகளின் கதவிலக்கத்தில் சாய்கோடு உண்டு. 14/2 என்பதைப் படிவம் ஏற்காவிட்டால் 142 என்று அடிக்கிறார்கள். அது வேறு வீடு. நம் பெயர்களுக்கு முன்னால் தலைப்பெழுத்தும் புள்ளியும் உண்டு. மாற்றுச் சான்றிதழில் 'மு. செல்வி', படிவத்தில் புள்ளி இல்லாமல் 'மு செல்வி', சரிபார்க்கும் நாளில் "பெயர் பொருந்தவில்லை." அப்புறம் அந்தப் பெண் பிரமாணப் பத்திரம் எழுத அலைய வேண்டும். அயர்லாந்துக்காரரான ஓ'பிரையன் உலகம் முழுக்க இதே அவதிப்படுகிறார். அவர் பெயரின் நடுவில் இருக்கும் குறி அவருடைய பாட்டன் காலத்தது. கணினி வருவதற்கு முன்பே இருந்தது.

சரி, அந்தச் சின்னக் குறிக்கு ஏன் இவ்வளவு பயம்? கணினி தெரியாதவர்களுக்கும் புரியும்படி வகுப்பறையிலிருந்தே சொல்கிறேன்.

'சொல்வதை எழுதுதல்' நடத்தியிருக்கிறோம். ஆசிரியர் "முற்றுப்புள்ளி" என்கிறார். மாணவன் ஒரு புள்ளி வைக்க வேண்டுமா, 'முற்றுப்புள்ளி' என்ற சொல்லை எழுத வேண்டுமா? வாசிக்கிற பத்தியில் "எல்லோரும் வீட்டுக்குப் போங்கள்" என்று ஒரு வாக்கியம் வருகிறது. முதல் வகுப்புப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் தவறு பிள்ளைகளுடையதா? எது எழுத வேண்டிய செய்தி, எது செய்ய வேண்டிய கட்டளை என்று பிரித்துக் காட்டாதவர் ஆசிரியர்தான்.

நிரலிலும் இதேதான். ஒரு மொழியில் எழுதிய நிரல் இன்னொரு மொழிக்குச் செய்தி அனுப்புகிறது. பைத்தான் நிரல் தரவுத்தளத்திடம் எஸ்க்யூஎல் மொழியில் பேசும். தரவுத்தளம் தந்ததை எச்டிஎம்எல் மொழியில் திரைக்கு அனுப்பும். ஒவ்வொரு மொழிக்கும் செய்தி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று காட்ட ஓர் அடையாளம் வேண்டும். தமிழில் நமக்கு 'என்று' இருக்கிறது. எவ்வளவு நீளமாகப் பேசினாலும் 'என்று' வந்தால் பேச்சு முடிந்தது என்று புரிந்துகொள்கிறோம். எஸ்க்யூஎல்லில் அந்த வேலையை ஒற்றை மேற்கோள் குறி செய்கிறது.

இப்போது நிரலாளர் வார்த்தைகளை ஒட்டுகிறார். தரவுத்தளக் கட்டளையைத் தமிழிலேயே எழுதிக்காட்டுகிறேன்:

தேடு மாணவர் பட்டியலில், பெயர் = 'செல்வி'

நன்றாக ஓடுகிறது. அடுத்து ஓ'பிரையன் வருகிறார்:

தேடு மாணவர் பட்டியலில், பெயர் = 'ஓ'பிரையன்'

தரவுத்தளம் 'ஓ' என்பதோடு பெயர் முடிந்துவிட்டது என்று நினைக்கிறது. மிச்சமிருக்கும் 'பிரையன்' என்ன கட்டளை என்று புரியாமல் பிழை காட்டுகிறது. இதுவரை தொல்லை மட்டும்தான். அடுத்து ஒரு விஷமி வருகிறான். பெயர்க் கட்டத்தில் ' அல்லது '1' = '1 என்று அடிக்கிறான். ஒட்டிய கட்டளை இப்படி ஆகிறது:

தேடு மாணவர் பட்டியலில், பெயர் = '' அல்லது '1' = '1'

ஒன்றும் ஒன்றும் எப்போதும் சமம். ஒருவர் விவரத்துக்குப் பதில் பட்டியல் முழுவதும் வெளியே வருகிறது. செய்தியாக வந்தது கட்டளையாக மாறிவிட்டது. இதற்கு 'எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன்' என்று பெயர்.

புதிதாகக் கண்டுபிடித்த வித்தை என்று நினைக்காதீர்கள். 1998 டிசம்பரிலேயே 'ஃப்ராக்' என்ற இணைய இதழில் ஜெஃப் ஃபாரிஸ்டால் இதை விளக்கி எழுதிவிட்டார். இணையப் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பு வெளியிடும் முதல் பத்து ஆபத்துகளின் பட்டியலில் 2010, 2013, 2017 மூன்று முறையும் இந்த வகைத் தாக்குதலுக்கே முதலிடம். 2021 பட்டியலில் மூன்றாம் இடம். அன்று பிறந்த குழந்தை கல்லூரி முடித்து வேலைக்கும் போயாகிவிட்டது. நாம் இன்னும் வார்த்தைகளை ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.

விலை கொடுத்தவர்கள் யார்? பிரிட்டனின் டாக்டாக் என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்தில் 2015 அக்டோபரில் இதே வழியில் புகுந்தார்கள். சுமார் 1,57,000 வாடிக்கையாளர்களின் விவரம் போனது. அதில் 15,000-க்கு மேற்பட்டோரின் வங்கிக் கணக்கு விவரமும் சேர்த்தி. மறு ஆண்டு அந்நாட்டுத் தகவல் ஆணையர் 4 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தார். ஓட்டை இருந்தது, இன்னொரு நிறுவனத்தை வாங்கியபோது கூடவே வந்து, கவனிப்பாரற்றுக் கிடந்த பழைய பக்கங்களில். சிக்கியவர்களில் ஒருவன் 17 வயதுப் பையன். நாம் பன்னிரண்டாம் வகுப்பில் வைத்துப் பாடம் சொல்லும் வயது!

இனி முதல் தப்பான வைத்தியத்துக்கு வருகிறேன்: குறியைத் தடை செய்வது. இது வைத்தியமே அல்ல. எண் கேட்கும் இடத்தில் மேற்கோள் குறியே கிடையாது. 'வரிசை எண் = 5' என்று ஒட்டும் இடத்தில் ஒருவன் '5 அல்லது 1 = 1' என்று அனுப்பினால் போதும். ஒரு மேற்கோள் குறிகூட இல்லாமல் கதவு திறந்துவிடும். ஓ'பிரையனை வாசலில் நிறுத்திவிட்டுத் திருடனைப் பின்வாசல் வழியாக விடும் காவல் இது.

இரண்டாவது தப்பான வைத்தியம்: வந்ததையெல்லாம் வாசலிலேயே எஸ்கேப் செய்வது. எஸ்கேப் என்றால் வேறொன்றும் இல்லை. "இந்தக் குறி செய்தியின் பகுதி, முடிவு அல்ல" என்று சொல்ல அதற்கு முன்னால் இன்னொரு அடையாளம் சேர்ப்பது. பல மொழிகளில் பின்சாய்கோடு \ அந்த வேலையைச் செய்யும். எஸ்க்யூஎல்லில் மேற்கோள் குறியை இரண்டு முறை போடுவார்கள். எச்டிஎம்எல்லில் வேறு முறை.

பிஎச்பி மொழியில் 'மேஜிக் கோட்ஸ்' என்று ஒரு வசதி இருந்தது. படிவத்தில் வரும் எல்லாவற்றுக்கும் தானாகவே பின்சாய்கோடு சேர்த்துவிடும். நல்ல எண்ணம்தான். ஆனால் வந்த செய்தி எங்கே போகப்போகிறது என்று வாசலில் நிற்பவனுக்குத் தெரியாதே? தரவுத்தளத்துக்குப் போவதற்கும் பின்சாய்கோடு, மின்னஞ்சலுக்குப் போவதற்கும் பின்சாய்கோடு. பாதுகாப்பு இருக்கிறது என்று தெரியாத நிரலாளர் தானும் ஒரு முறை சேர்ப்பார். ஓ\'பிரையன் என்று சேமிக்கப்படும். அடுத்த முறை திருத்திச் சேமித்தால் ஓ\\\'பிரையன். பின்சாய்கோடுகளின் எண்ணிக்கை 1, 3, 7, 15 என்று வளரும். இரண்டால் பெருக்கி ஒன்றைக் கூட்டு. கணக்கு வாத்தியாருக்கு நல்ல தொடர்வரிசை, ஓ'பிரையனுக்குத் தலைவலி. கடைசியில் 2009-இல் வந்த பிஎச்பி 5.3 பதிப்பில் இதைக் கைவிடச் சொன்னார்கள், 2012-இல் 5.4 பதிப்பில் நீக்கியே விட்டார்கள்.

அந்தப் பின்சாய்கோடாவது காப்பாற்றியதா என்றால் அதுவும் எப்போதும் இல்லை. சீன எழுத்துகளுக்கான ஜிபிகே குறியீட்டு முறையில் ஓர் எழுத்துக்கு இரண்டு பைட்டு. இரண்டாவது பைட்டின் எண் 92 ஆக இருக்கலாம். பின்சாய்கோட்டின் எண்ணும் அதே 92. மேற்கோள் குறிக்கு முன்னால் ஒரு குறிப்பிட்ட பைட்டை வைத்து அனுப்பினால், நாம் சேர்த்த பின்சாய்கோடு அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு சீன எழுத்தாகிவிடும். மேற்கோள் குறி மறுபடி தனியாக நிற்கும். எல்லை தாண்டினால் எந்த மொழி, எந்தக் குறியீடு என்று தெரியாமல் எஸ்கேப் செய்வது கண்ணைக் கட்டிக்கொண்டு கடிதத்துக்கு முகவரி எழுதுவது மாதிரி.

நம் தமிழும் இதில் அடிபட்டிருக்கிறது. சில தளங்களில் தமிழ்ப் பெயருக்குப் பதில் இப்படி வருவதைப் பார்த்திருப்பீர்கள்:

&#2949;&#2990;&#3021;&#2990;&#3006;

இது வேறொன்றுமில்லை, 'அம்மா'. அ-வின் யூனிகோட் எண் 2949. ம 2990, புள்ளி 3021, மறுபடி ம, கடைசியில் கால் 3006. யூனிகோட் தெரியாத பழைய குறியீட்டில் ஒரு பக்கத்தை அமைத்துவிட்டால், படிவத்தில் அடிக்கும் தமிழை உலாவி இப்படி எண்ணாக மாற்றி அனுப்பும். அதைச் சரிபார்க்காமல் அப்படியே சேமிப்பார்கள். திரைக்கு அனுப்பும்போது & குறியை எஸ்கேப் செய்வார்கள். எண் எண்ணாகவே தெரியும். 'அம்மா' என்ற மூன்றெழுத்து 35 குறிகளாக வீங்கிவிடும். பெயர்க் கட்டத்துக்கு 30 என்று வரம்பு வைத்திருந்தால் அம்மாவுக்கே அதில் இடமில்லை! பழி மட்டும் "தமிழ் எழுத்துரு சரியில்லை" என்று தமிழ் மேல் விழுகிறது.

அப்படியானால் சரியான வழி என்ன? ஆசிரியர்கள் எல்லோருக்கும் அது தெரியும். கேள்வித்தாளில் தினமும் செய்கிறோம்: கோடிட்ட இடத்தை நிரப்புக.

கேள்வியை முதலில் அச்சடித்துவிடுகிறோம். மாணவன் கோட்டின் மேல் எதை வேண்டுமானாலும் எழுதட்டும். "எல்லோருக்கும் நூறு மதிப்பெண் போடு" என்றே எழுதட்டும். அது தப்பான விடை, அவ்வளவுதான். கேள்வி மாறாது. நிரலிலும் அப்படியே:

தேடு மாணவர் பட்டியலில், பெயர் = ?

கட்டளை தனியாகப் போகிறது. பெயர் தனியாகப் போகிறது. பைத்தானில் எஸ்க்யூலைட் தரவுத்தளத்துக்கு இந்தக் கேள்விக்குறியேதான் போட வேண்டும். வேறு தரவுத்தளங்களில் குறி மாறும், முறை ஒன்றுதான். ஓ'பிரையன் வந்தாலும் சரி, விஷமி வந்தாலும் சரி, அது வெறும் பெயர். ஒட்டுவதைவிட ஒரு வரிகூட அதிகமில்லை.

"சார், பிள்ளைகளுக்கு முதலில் எளிதாகச் சொல்லித்தருவோம், பாதுகாப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பவர்களுக்கு: ஒட்டுவது எளிதும் இல்லை. எத்தனை மேற்கோள் குறி திறந்தோம், எத்தனை மூடினோம் என்று எண்ணியே பிள்ளைகள் களைத்துப் போகிறார்கள். பேனா பிடிக்கும் விதத்தைத் தப்பாகப் பழக்கிவிட்டுப் பத்தாம் வகுப்பில் திருத்தியவர் யாராவது உண்டா?

நம் மாநிலப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் பைத்தானிலிருந்து சி++ நிரலை இயக்கும் பாடம் இருக்கிறது. இரண்டு மொழிகளை இணைப்பதைப் பள்ளியிலேயே வைத்ததற்குப் பாராட்டு. ஆனால் அங்கே கோப்பின் பெயரைக் கூட்டல் குறி போட்டுக் கட்டளையோடு ஒட்டி, இயங்குதளத்திடம் ஒரே சரமாகக் கொடுக்கிறார்கள். கோப்பின் பெயரில் இடைவெளி இருந்தால்? 'மதிப்பெண் பட்டியல்' என்பது இரண்டு கோப்புகளாகிவிடும். பெயருக்குள் யாராவது ஒரு கட்டளையையே ஒளித்துவைத்தால் அதுவும் ஓடும். பைத்தானிலேயே 'சப்பிராசஸ்' என்ற தொகுதி இருக்கிறது. கட்டளையையும் பெயர்களையும் தனித்தனி உறுப்புகளாக ஒரு பட்டியலில் கொடுக்கலாம். ஆசிரியர்களே, பாடப்புத்தகம் மாறும் வரை காத்திருக்க வேண்டாம். கரும்பலகையில் பக்கத்திலேயே இந்த முறையையும் எழுதிக்காட்டுங்கள்.

இடைவெளிதானே என்று சிரிக்காதீர்கள். 2001 நவம்பரில் ஆப்பிள் வெளியிட்ட ஐட்யூன்ஸ் 2.0 நிறுவியில், பழைய கோப்பை அழிக்கும் கட்டளையில் மேற்கோள் குறி விட்டுப்போனது. வன்தட்டின் பெயரில் இடைவெளி வைத்திருந்த சிலருடைய கோப்புகள் அழிந்தன. ஆப்பிள் அவசரமாக 2.0.1 வெளியிட்டது. அங்கே விஷமியே இல்லை. பெயரில் ஓர் இடைவெளி, அவ்வளவுதான்.

"எல்லாம் இப்போது ஃபிரேம்வொர்க்கே பார்த்துக்கொள்ளும் சார்" என்று அடுத்த பதில் வரும். பாதி உண்மை. நல்ல கருவிகள் பெரும்பாலான இடங்களில் பார்த்துக்கொள்கின்றன. ஆனால் அட்டவணையின் பெயரையோ நெடுவரிசையின் பெயரையோ கோடிட்ட இடத்தில் நிரப்ப முடியாது. "எதை வைத்து வரிசைப்படுத்த?" என்ற இடத்தில் மறுபடி ஒட்டத் தொடங்குவார்கள். அங்கே அனுமதித்த பெயர்களை முன்கூட்டியே பட்டியலிட்டு, அதிலிருந்து மட்டும் எடுக்க வேண்டும். அதை எந்தக் கருவியும் தானாகச் சொல்லாது.

கருவி செய்பவர்களுக்கே இது சவால். பாதுகாப்புக்குப் பெயர்போன ரஸ்ட் மொழியில் 2024 ஏப்ரல் 9 அன்று அவசரத் திருத்தம் வந்தது. விண்டோஸில் பேட்ச் கோப்பை இயக்கும்போது, பட்டியலாகக் கொடுத்த மதிப்புகளைச் சரியாக எஸ்கேப் செய்யவில்லை. ஆபத்து மதிப்பீடு பத்துக்குப் பத்து. நோட் ஜேஎஸ், பிஎச்பி, ஹாஸ்கெல் ஆகியவற்றிலும் இதே குறை. காரணம், விண்டோஸ் ஒரு நிரலுக்கு மதிப்புகளைப் பட்டியலாகக் கொடுப்பதில்லை. ஒரே நீளச் சரமாகக் கொடுக்கும். அதைப் பிரிப்பது வாங்குபவர் பாடு. பேட்ச் கோப்பை வாசிக்கும் நிரலோ மற்றவர்களைப் போலப் பிரிப்பதில்லை. எல்லைக்கு அந்தப்பக்கம் நிற்பவர் எந்த இலக்கணப்படி வாசிப்பார் என்று தெரிந்துகொள்ளாமல் கடிதம் எழுதக் கூடாது என்பதுதான் பாடம். அவர்கள் அன்றைக்கு விண்டோஸ் பயனர்களைப் பார்த்து "இனி மேற்கோள் குறி போடாதீர்கள்" என்று சொல்லவில்லை. தங்கள் நிரலைத் திருத்தினார்கள். அதுதான் தொழில் நேர்மை.

எந்தச் சோதனையும் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் திரிக்க வேண்டாம். அஞ்சல் குறியீடு ஆறு இலக்கம் என்று சோதியுங்கள். கைப்பேசி எண் பத்து இலக்கம் என்று சோதியுங்கள். பிறந்த தேதியில் பிப்ரவரி 30 வந்தால் திருப்பி அனுப்புங்கள். அதெல்லாம் செய்தி பொருளோடு இருக்கிறதா என்ற சோதனை. பெயருக்குள் ஒரு புள்ளி இருப்பது பொருளற்றதல்ல. அதைத் தடுப்பது சோதனை அல்ல, அதிகாரம்.

சுருக்கமாக நான் கேட்பது நான்கு.

ஒன்று: கட்டளையையும் செய்தியையும் ஒட்டாதீர்கள், தனித்தனியாக அனுப்புங்கள்.

இரண்டு: எஸ்கேப் செய்தே ஆக வேண்டிய இடத்தில், எந்த மொழிக்குள் போகிறதோ அந்த மொழியின் விதிப்படி, வெளியே அனுப்பும் கடைசி நிமிடத்தில், ஒரே ஒரு முறை செய்யுங்கள். சேமித்து வைப்பது எப்போதும் மனிதர் எழுதிய அசல் எழுத்தாகவே இருக்கட்டும்.

மூன்று: குறியீடு எங்கும் யூனிகோடாக, ஒரே முறையாக இருக்கட்டும்.

நான்கு: இணையப் படிவம் வாங்கும் அலுவலகங்கள், "சிறப்பு எழுத்துகளுக்கு அனுமதி இல்லை" என்ற வரி இருந்தால் அந்த வேலைக்குக் காசு கொடுக்காதீர்கள். ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்: மக்கள் பெயர் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அப்படியே ஏற்க வேண்டும்.

கோடிங் வகுப்பு நடத்தும் தம்பிகளே, உங்கள் மாணவர் எழுதிய முதல் படிவத்தை இன்றே திறந்து இந்த நான்கையும் அடித்துப் பாருங்கள்: ஓ'பிரையன். மு. செல்வி. 14/2. அம்மா. நான்கும் உள்ளே போய், அடித்தபடியே திரும்பி வந்தால் நீங்கள் பாடம் நடத்தியிருக்கிறீர்கள். வராவிட்டால் பெற்றோரிடம் வாங்கிய கட்டணத்துக்கு இன்னும் ஒரு வகுப்பு பாக்கி.